முனிர்கா முக்கில் ஓர் ஆவுளியா

மன்னார் வளைகுடாவைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்த மறு வருடம், கடலே பார்க்காத டெல்லிக்கு அதைத் தெரியப்படுத்த எங்கள் இலாகா ஒரு சிலை வைத்தது. ஆவுளியா சிலை. கடற்புல் மேய்ந்து, குட்டிக்குப் பால் கொடுத்து, யார் வம்புக்கும் போகாமல் வாழும் கடற்பசு. யோசனை, என்னோடு வேலை பார்த்த கீழக்கரைக்காரர் ஜோதிலிங்கத்துடையது. தெற்கு டெல்லியில் எருமைக்காரர்கள் குடியிருக்கும் முனிர்காவின் முக்கில் கருங்கல்லில் படுக்கவைத்தார்கள். எடை மூன்று யானை இருக்கும். ஜோதிலிங்கம் இரண்டு என்பார். அவருக்கு அடக்கம் அதிகம்.

மந்திரி வந்து திறக்காதவரை ஜனங்கள் பார்க்கக் கூடாது என்பது முறை. மஞ்சள் பட்டால் மூடினோம். மந்திரி தேதி கொடுப்பார். தேதி வரும், மந்திரி வரமாட்டார். இடையில் பட்டு காணாமல் போயிற்று. அந்த சீசனில் முனிர்காவில் பாதி மணப்பெண்கள் மஞ்சள் பட்டு உடுத்தியிருந்தார்கள். பிறகு கோணிச் சாக்குகளைத் தைத்துப் போர்த்தினோம்.

ஜனவரியோடு ஜோதிலிங்கம் ரிடையர் ஆகிறார். அதற்குள் திறப்பு விழா நடக்காவிட்டால் சிலை குடோனுக்கு என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

"நல்லசிவம் அண்ணே, எங்க ஊர்ல வலைக்குள்ள சாவுறது பத்தாதுன்னு, இங்கயும் சாக்குக்குள்ளயே கெடக்கணுமா?" என்று என்னிடம் கேட்டார். வயதில் மூத்தவர், ஆனாலும் எல்லாரும் அவருக்கு அண்ணன்தான்.

"நீரே உருவிப் போடும் வே."

"மெமோ குடுப்பாகண்ணே. அது பரவால்ல. முறைப்படி தெறக்கலன்னு சொல்லி, மறுநாளே லாரில ஏத்திருவாக."

கடைசி வாரம், ஒரு காலை இருவரும் சிலையைப் பார்க்கப் போனோம். டீயை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் ஐஸ்கிரீம் ஆகிவிடும் குளிர். பனிமூட்டத்தில் என் கையே எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு குரல் கேட்டது.

"உட் ரீ! ஜல்தி உட்!"

கிட்டே போனால், எழுந்திரு என்று அதட்டியபடி ராம்கலி என்ற எருமைக்காரி எங்கள் சிலையைத் தடியால் விளாசிக்கொண்டிருந்தாள். டெல்லிக் குளிரில் எருமைக்குச் சாக்குப் போர்த்தாத வீடு முனிர்காவில் இல்லை. இது இலாகாவில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தடி முறிந்தது. அவள் சாக்கை உருவினாள். மீசை வைத்த முகம் ஒன்று அவளைப் பார்த்துச் சிரித்தது.

"பாபுஜி, இதுக்குக் கால் எங்கே?"

ஜோதிலிங்கம் முன்னால் போனார். ஹிந்தியில் 'அச்சா' மட்டுமே பிசகில்லாமல் சொல்லக்கூடியவர்; மீதியைப் பிசகோடே பேசினார்.

"கால் இல்லம்மா. கடல்ல இருக்கும். புல்லுதான் திங்கும்."

"பால்?"

"குட்டிக்கு மட்டும்."

"அச்சா. உங்க ஊர்ல நிறைய இருக்கா?"

"இல்லம்மா. பிடிச்சுக் கறி போட்டுட்டாங்க. கொஞ்சந்தான் மிச்சம்."

ராம்கலி முறிந்த தடியை ஓங்கினாள். "பால் குடுக்கிறதை எவன் வெட்டினான்? பேர் சொல்லு!"

அவள் போட்ட சத்தத்தில் முனிர்கா முழுக்கக் கூடிவிட்டது. அன்று மதியம்வரை தெற்கு டெல்லிக்குப் பால் போகவில்லை. ஜோதிலிங்கம் எருமைக்காரர்களுக்கு நடுவே நின்று கடற்புல்லைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். முப்பது வருட சர்வீஸில் அவர் பேச்சை ஒருவர்கூடக் கொட்டாவி விடாமல் கேட்டது அன்றுதான்.

மறுநாள் டைரக்டர் கூப்பிட்டார். "யார் திறந்தது?"

"உள்ளூர்ப் பிரமுகர் ஸ்ரீமதி ராம்கலி தேவி, சார். திரளான பொதுமக்கள் முன்னிலையில்," என்றேன்.

"எந்தக் கட்சி?"

"சொல்லல சார். கையில தடி இருந்தது."

விழா நடந்ததாக அவர் கையெழுத்துப் போட்டார். சிலை அங்கேயே தங்கியது. தினமும் ராம்கலி அதன் வாயருகில் ஒரு கட்டுப் புல் போடுவாள். புல்லும் தினமும் தீர்ந்துவிடும். அவளுடைய எருமை பக்கத்தில்தான் நிற்கும். ரிடையர் ஆன பிறகும் அங்கே வந்து நிற்கும் ஜோதிலிங்கம் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளமாட்டார்.