கீழிருந்து இரண்டாவது வரிசை

மூன்றாவது தடவையும் காதோரம் குனிந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான் தோனாத்துஸ். உயிர் போனவர்களை மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழ வேண்டும். அவன் மனைவி யனுவாரியா பதில் சொல்லவில்லை. ஐந்து நாள் காய்ச்சலில் முகம் வற்றி, யாரோ போலக் கிடந்தாள்.

"போதும் தம்பி," என்றாள் உர்பிகா.

அவள் யனுவாரியாவின் அக்கா. தங்கையின் கண்களை மூடிவிட்டு, உடம்பைத் தரையில் இறக்க ஒரு கை பிடிக்கச் சொன்னாள். பிடித்தான். நாலாவது மாடி அது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, அதற்குள் ஜன்னல் வழியாகச் சுண்ணாம்புச் சூளைப் புகை வர ஆரம்பித்துவிட்டது.

அவனுக்கு அழுகை வரவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் என்ற ஒரே நினைப்புதான் மண்டைக்குள் ஓடியது.

ஊரைச் சுற்றிச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. வடக்கிலிருந்து இறங்கிய கூட்டம் வழியில் இருந்த ஊர்களையெல்லாம் கொளுத்திக்கொண்டு வந்தபோது, ரோமாபுரியில் ஜனங்கள் சட்டிப்பானையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது என்று தெரியாமல் தெருவில் நின்றார்கள். புதுச் சக்கரவர்த்தி, ஒரு வருஷத்துக்குள் மூன்றாமவர், சுவர் கட்டச் சொன்னார். படையை எல்லையிலிருந்து எடுக்க முடியாதாம். அதனால் தோனாத்துஸின் சங்கம் உட்படக் கொத்தனார் சங்கங்களை இழுத்துவிட்டார்கள். அவர் கிழக்கே போருக்குக் கிளம்பும் முன் தெற்குப் பக்கம் இரண்டு ஆள் உயரம் நிற்க வேண்டும் என்று ஆணை. நூல் பிடித்தவர்கள் நேராகப் பிடித்தார்கள். வழியில் வீடு வந்தால் வீடு, கல்லறை வந்தால் கல்லறை. நேற்று அந்த நூல், சங்கத்தின் சொந்தக் கல்லறை மேலேயே போய் விழுந்தது. இன்று சாயங்காலத்துக்குள் அதை ஜல்லி கொட்டி மூடிவிடுவார்கள்.

தரைக்குக் கீழே இறங்கும் அறை அது. நாலு பக்கமும் புறாக்கூடு மாதிரி மாடக்குழிகள், ஒவ்வொன்றிலும் சாம்பல் போட இரண்டு கலயம். அதில் ஒரு மாடக்குழியின் இடது கலயத்தில் அவர்கள் மகள் லூக்கிலா இருந்தாள். மூன்று வயசில் கொள்ளைநோயில் போனவள். வலது கலயம் காலி. காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே யனுவாரியா அவன் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டாள்.

"என்னை அவ பக்கத்துல வச்சிடு. வேற எதுவும் நான் உன்கிட்ட கேக்கல."

அவன் சரி என்றான். சொன்ன வாய் அவனுடையதுதான்.

பிணம் எரிப்பவனிடம் நேற்றே ஜாடையாகக் கேட்டுப் பார்த்திருந்தான். ஊர் விறகெல்லாம் சூளைக்குப் போகிறது, யார் செத்தாலும் இரண்டு நாள் காக்க வேண்டும் என்று அவன் கையை விரித்துவிட்டான். அதற்குப் பிறகு எரித்து, ஆறவிட்டு, பொறுக்குவதற்குள் கலயமே சுவருக்குள் போயிருக்கும். குழந்தையின் கலயத்தையாவது வெளியே எடுத்துக்கொள்கிறேன் என்று மேஸ்திரி தாசியுஸிடம் கேட்டான். கல்லறையைக் கலைக்கப் பூசாரிகள் சபையில் மனுப் போட வேண்டும், பதில் வர மாசக்கணக்காகும் என்றார் மேஸ்திரி. அவர் கெட்டவர் இல்லை. அவருடைய அப்பாவின் சாம்பலும் அங்கேதான் இருந்தது.

"அதைத் தொட்டா குத்தம். அதுமேல சுவர் கட்டினா ஆணை. என்னை என்னடா பண்ணச் சொல்ற?"

உர்பிகா தங்கையின் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடது கையைத் துடைக்கும்போது நிறுத்திவிட்டாள். அவர்கள் அப்பா வீட்டில் ஒரு பழைய வழக்கம் இருந்ததாம். எரிப்பதற்கு முன்னால் ஒரு விரல் கணுவை எடுத்து மண்ணில் புதைப்பார்கள். அப்போதுதான் தீட்டுப் போகும், செத்தவருக்கும் மண் கிடைத்த கணக்கு. இப்போது யாரும் செய்வதில்லை. அதைச் சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"சுண்டுவிரல் போதும். அதைக் கொண்டுபோய் அவ பக்கத்துல வச்சிடு."

அவன் தன் கைகளைப் பார்த்தான். சாந்துக் கரணை பிடித்துக் காய்த்துப்போன கைகள்.

"என்னால முடியாது மதினி."

"உன்னை யார் செய்யச் சொன்னா? அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

திரும்பிக்கொண்டான். சுவரில் காரை பெயர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே தெருவில் ஒருவன் பட்டாணிக்கஞ்சி விற்றுக்கொண்டு போனான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னத் துணி முடிச்சு அவன் கைக்குள் வந்தது. எடையே இல்லை.

ஓட்டமும் நடையுமாகத் தெற்குச் சாலைக்கு வந்தான். வழியெல்லாம் செங்கல் வண்டிகள். இடித்த வீடுகளின் செங்கல், பழைய காரை ஒட்டிக்கொண்டே வந்தது. சாரத்தின் மேல் நின்ற ஃபூஸ்குஸ் அவனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான். பத்து வருஷமாகக் கூட வேலை செய்பவன். சக்கரவர்த்தி சிலைக்கு முழு உடம்பு செய்வதையே விட்டுவிட்டார்கள், தலையை மட்டும் மாற்றுகிறார்கள் என்று சித்தாள்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். இறங்கி வந்தான்.

"எப்போ?"

"காலையில."

ஃபூஸ்குஸ் கல்லறைப் பக்கம் பார்த்தான். கூரையைப் பிளந்து, அந்த ஓட்டை வழியாக ஜல்லியும் சாந்தும் கூடை கூடையாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்டாங்க. அதிகாரி வந்து நிக்கிறான். உனக்காகத்தான் மெதுவாக் கொட்டினோம். நெசமா, கூடையைப் பாதி பாதியாத்தான்..."

மேல் வரிசைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன என்றும் சொன்னான். நல்ல சேதி மாதிரிதான் சொன்னான்.

லூக்கிலா கீழிருந்து இரண்டாவது வரிசை. சங்கத்தில் மேலே நல்ல இடம் காட்டினார்கள். வெளிச்சம் விழும் இடம். யனுவாரியாதான் வேண்டாம் என்றாள். சின்னப் பிள்ளை, அவ்வளவு உயரத்தில் எதற்கு, கீழேயே இருக்கட்டும், நான் போனால் தரையில் உட்கார்ந்து தொட்டுக்கொள்வேன் என்றாள்.

யாரையும் கேட்காமல் ஓட்டை வழியாக இறங்கினான். தொடை வரை சாந்து உள்வாங்கியது. அவசரத்தில் சுண்ணாம்பைச் சரியாக ஆறவிடாமல் கலக்கியிருந்தார்கள், கொதித்தது. வாசலிலிருந்து ஏழாவது மாடக்குழி. சுவரைத் தடவி எண்ணிக்கொண்டே போனான். ஏழாவதுக்கு நேரே நின்று, முடிச்சைப் பிடித்த கையைச் சாந்துக்குள் விட்டான். முழங்கை போயிற்று. தோள் போயிற்று. கன்னம் சாந்தில் பட்டது. ஜல்லி தட்டியது, அதற்குமேல் கை இறங்கவில்லை. மாடக்குழியின் விளிம்பு எட்டவில்லை.

"தோனாத்து, மேல வா," என்றார் மேஸ்திரி. குரலை உயர்த்தவில்லை. "அதிகாரி பாத்துட்டிருக்கான்."

இன்னும் ஒரு தரம் அழுத்தினான். பிறகு விரல்களைத் திறந்தான். கை வெளியே வந்தது, அது இருந்த இடம் மெல்ல மூடிக்கொண்டது.

ஃபூஸ்குஸ் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். கூடைகள் மறுபடி வரத் தொடங்கின. வீட்டுக்குப் போ என்று மேஸ்திரி சொன்னார். இரண்டாவது தடவை சொல்லவில்லை, ஆள் குறைவு. தோனாத்துஸ் கரணையை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றான். நூலைப் பார்த்தான். மதியம் வரை நாலு செங்கல் வரி, அதற்குப் பிறகு ஐந்து வரி எழுப்பினான். வரி எதுவும் கோணவில்லை.

வெயில் சாயும்போது வீட்டுக்கு வந்தான். உர்பிகா உடம்பைச் சுற்றி விளக்கு வைத்து, இடது கையை மட்டும் துணிக்குள் மறைத்திருந்தாள்.

"வச்சிட்டியா?"

"பக்கத்துலதான்," என்றான்.

அவள் அவன் கையைப் பார்த்தாள். ஒரு கிண்ணத்தில் புளித்த திராட்சை ரசம் கொண்டுவந்து வைத்து, சுண்ணாம்பு தோலைத் தின்றுவிடும், கழுவு என்றாள்.

அவன் மனைவியின் கால்மாட்டில் உட்கார்ந்தான். விரல் நுனியிலிருந்து தோள் வரை கை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. மூட்டுகளில் ஏற்கனவே வெடித்திருந்தது, இனி மடக்கினால் மிச்சமும் உதிர்ந்துவிடும். கழுவாமல், முழங்கால் மேல் அதை விரித்து வைத்தபடியே இருந்தான். கிண்ணத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது.