சித்திக்கு மட்டும் சொன்னது

1

இந்தக் கதை ஓர் "அப்பாடா"விலிருந்து பிறந்தது. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் ஒருத்தி, தன் சித்தி அதைச் சொன்ன விதத்தை எனக்குச் செய்து காட்டினாள். நெஞ்சில் கை வைத்து, மூச்சை இழுத்து விட்டு. சித்தி திட்டியிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வெளியே மழை, அவள் மனதிலும் —" வேண்டாம். அன்று மழையில்லை. மதிய நேரம், கடை காலி. கண் பார்க்கும் அறையில் சித்தி உட்கார்ந்திருந்தாள், மூக்கின்மேல் லென்ஸ் மாற்றிப் பார்க்கும் கனத்த ஃப்ரேம். (பார்வை, தெளிவு என்று உவமை தேடாதீர்கள். எனக்குக் கதை சொன்னவளின் பிழைப்பு அது, அவ்வளவுதான்.)

முன்பு அவள் ஒரு மெக்கானிக்கைக் காதலித்து அது முறிந்தபோது, அம்மாவுக்குத் தெரியாமல் அவளைத் தன் வீட்டில் வைத்துத் தேற்றியவள் இந்தச் சித்தி. வேறு யாரிடம் போய்ச் சொல்வாள்?

"சித்தி, என்கூட இருக்காளே நர்ஸ், அவ வெறும் ரூம்மேட் இல்ல. நாங்க சேர்ந்து வாழறோம்."

சித்தி ஃப்ரேமைக் கழற்றினாள். "அப்போ அந்த மெக்கானிக்?"

"அவனையும் நிஜமாத்தான் காதலிச்சேன். எனக்கு ஆம்பளையும் பிடிக்கும், பொம்பளையும் பிடிக்கும். பைசெக்சுவல்னு சொல்வாங்க."

"அப்பாடா! ஆம்பளையே பிடிக்காதோன்னு வயித்துல புளியைக் கரைச்சுட்டியேடி. ரெண்டும் முடியும்னா அப்புறம் என்ன கஷ்டம்?"

"எனக்கு அவ வேணும் சித்தி."

"ஃப்ரெண்டா இருந்துட்டுப் போகட்டும். யாரு வேண்டாம்னா?" சித்தி அவள் கன்னத்தைத் தட்டினாள். "நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

3

சித்தியை வில்லியாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஏனென்றால் அவள் வாக்குத் தவறவில்லை. நர்ஸைப் பற்றி எங்கும் மூச்சு விடவில்லை. தன் அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "பொண்ணு கல்யாணத்துக்கு மனசு இறங்கிட்டா. மாப்பிள்ளை பாரு."

(அக்கா மகளுக்குக் கோபம் பொங்கியது என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டியதும் நிமிர்ந்து பார்த்தாள். "கோபமா? யார்மேல?" அந்த வரியை அடித்துவிட்டேன். அங்கே வைக்க வேறு வரி கிடைக்கவில்லை.)

4

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் அழுதாள், சந்தோஷத்தில். "சித்தி சொன்னா. நிஜந்தானாம்மா?" போன் ஸ்பீக்கரில் இருந்தது. டூட்டிக்குக் கிளம்பத் தலை பின்னிக்கொண்டிருந்த நர்ஸின் கை நின்றது.

முடிவு ஒன்று: "இல்லம்மா" என்கிறாள். எல்லாவற்றையும் சொல்கிறாள். அம்மாவும், பிறகு அப்பாவும், அண்ணனும், "ஆம்பளையும் பிடிக்கும்தானே?" என்று அதே இடத்தில் வந்து நிற்கிறார்கள். கிழித்துப் போட்டேன்.

முடிவு இரண்டு: "ம்" என்கிறாள். நர்ஸ் பின்னலை முடித்துக்கொண்டு டூட்டிக்குப் போகிறாள். திரும்பி வருகிறவள் மாதிரியேதான் போகிறாள்.

முடிவு மூன்று: சித்தி எல்லாவற்றையும் புரிந்துகொண்டு —

கை வரவில்லை.

நடந்தது எதுவென்று அவளையே கேட்டேன். "எதையாவது எழுதிக்கோங்க. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்று அடுத்த ஆளுக்குக் கண் பார்க்கப் போய்விட்டாள்.

எனக்கு ஒன்றல்ல. அதனால் போனை அவள் கையிலேயே விட்டுவைத்திருக்கிறேன். "லைன்ல இருக்கியாம்மா?" என்று அம்மா கேட்கிறாள். நர்ஸ் பாதிப் பின்னலோடு நிற்கிறாள். பதிலை நீங்கள் சொல்லுங்கள். நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இருவரில் ஒருத்தியை இழக்காமல் எனக்கு வாய் திறக்கத் தெரியவில்லை.