ஆசிரியை எழுதாத ஐந்து பதில்கள்

அந்த வாரம் கிரெட்சன் ஹூக்ஸ்ட்ரா தன் வேதியியல் வகுப்பில் எழுதியது ஒரே ஒரு பதிவு. மாணவர்கள் தங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பாதி பிடித்து, கரைத்த சோப்பு ஐந்து சொட்டு விட்டுக் குலுக்க வேண்டும். என்ன தெரிகிறது, ஏன் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வடமேற்கு அயோவாவின் சமுதாயக் கல்லூரி ஒன்றில் இணையத்திலேயே நடக்கும் வகுப்பு அது. அங்கே கிணற்று நீர் சுண்ணாம்பு கலந்த கடின நீர். செவ்வாய்க்கிழமைக்குள் பதினாறு பேர் நுரையே வராத பாட்டில்களின் படங்களைப் போட்டிருந்தார்கள். பதினேழாவதாக, பேக்கரியில் வேலை பார்க்கும் டார்லா கோபெக்கி எழுதினாள்:

"எங்க சமையலறைல பச்சத் தண்ணி பால் திரிஞ்ச மாதிரி ஆகுது. அதே குழாயில சுடுதண்ணி பிடிச்சா நுரை பொங்கி வழியுது. நான் எதாவது தப்பு பண்றேனா?"

கிரெட்சனுக்கு விடை உடனே தெரிந்தது. கை விசைப்பலகைக்குப் போய்த் திரும்பியது. போன பருவத்தில் இதே இடத்தில் மூன்று வரி விளக்கம் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு வந்த பதினெட்டுப் பதில்களும் "அருமை, நானும் ஒப்புக்கொள்கிறேன்" என்பவைதான். ஆளுக்கு இரண்டு பதில் எழுதினால் மதிப்பெண் உண்டு. ஆசிரியை சொன்ன பின் யோசிக்க யாருக்கு என்ன அவசியம்?

புதன்கிழமை, அதே வகுப்பில் படிக்கும் வெண்டெல் ஜேடன் என்ற சோள விவசாயி ஒரு கருத்தை வைத்தார். "சூடு பண்ணினா சுண்ணாம்பு அடில தங்கிடும்மா. உன் கெட்டில்ல வெள்ளையா ஒட்டிக்கிட்டிருக்குமே, பாத்ததில்ல? ஹீட்டர் அதத்தான் பண்ணுது." ஏழு பேர் ஆமோதித்தார்கள்.

வியாழன் காலை டீன் கர்ட்டிஸ் பிரான்வால்ட் தொலைபேசியில் அழைத்தார். ஒப்பந்த ஆசிரியர்களின் வகுப்பைப் பருவத்துக்கு ஒரு வாரம் அவர் தளத்துக்குள் புகுந்து பார்ப்பார். பார்க்க மட்டும்தான் அவருக்கு அனுமதி, எழுத முடியாது.

"கிரெட்சன், என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க? உங்க மதிப்பீட்டுப் படிவத்துல ஆசிரியர் பதில்னு ஒரு கட்டம் இருக்கு. அஞ்சாவது இருக்கணும். உங்களுக்கு பூஜ்யம் காட்டுது."

"தெரியும், கர்ட்டிஸ்."

"குறைஞ்சா அடுத்த பருவம் இந்த வகுப்பு உங்களுக்கு இல்ல. நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு வரைக்கும் நேரமிருக்கு. 'நல்லா எழுதியிருக்கீங்க'ன்னு அஞ்சு பேருக்குப் போட்டா போதும். எந்திரம் எண்ணிக்கையத்தான் பாக்கும்."

"ஏழு பேர் தப்பான விடைல நிக்கிறாங்க. இப்ப நான் வாயத் தொறந்தா அவங்க பேச்சுக் கடை மூடிடும்."

"திறக்கலன்னா உங்க கடை மூடிடும்" என்றார் அவர். சொன்னதில் கேலி இல்லை.

வெள்ளிக்கிழமை அவள் பதில் பெட்டியைத் திறந்து 'வெண்டெல்' என்று அடித்தாள். அழித்தாள். காலை மணி பத்தரை ஆனபோது, ஸ்டார்ம் லேக் என்ற ஊரில் இறைச்சி ஆலை வேலை முடிந்து வந்த இன்னொரு மாணவர் காம்போன் சயாவோங் எழுதினார்:

"வெண்டெல் அண்ணே, மன்னிக்கணும். எங்க வீட்டு ஹீட்டர் தண்ணியும் பிடிச்சு ஆற வெச்சுப் பாத்துட்டேன். நுரையே இல்ல. என் ஹீட்டருக்கு மட்டும் வேதியியல் தெரியாதா?"

"அப்ப என் கெட்டில் பொய் சொல்லுதாய்யா?" என்றார் வெண்டெல்.

"கெட்டில்ல தண்ணி கொதிக்குது, ஹீட்டர்ல கொதிக்கல. டார்லா, உங்க ஹீட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி குழாய் எங்க போயிட்டு வருதுன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்று எழுதினார் காம்போன்.

பதினொன்றே முக்காலுக்கு டார்லா பேஸ்மென்டிலிருந்து படம் அனுப்பினாள். இடுப்பளவு உயரத்தில் ஒரு தொட்டி, மூடியைத் திறந்தால் பாதிவரை உப்புக்கட்டி. "வாடகைக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு. இது இருக்கிறதே எனக்குத் தெரியாது. மேல, சுண்ணாம்ப எடுக்குற 'தண்ணி மென்மையாக்கி'ன்னு எழுதியிருக்கு. ஹீட்டருக்குப் போற குழாய் இது வழியா போகுது. பச்சத் தண்ணிக் குழாய் இதத் தொடாமலே போகுது!"

அடுத்த கால் மணி நேரத்தில் பதினோரு பதிவுகள். அவற்றில் ஒன்றுகூட "அருமை" இல்லை. கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியது. ஆசிரியர் பதில்: பூஜ்யம்.

இரண்டு மணிக்கு டீன் மறுபடி அழைத்தார்.

"பூஜ்யம்னுதான் எழுதியிருக்கேன். வேற மாதிரி எழுத முடியாது."

"சரி."

"ஆனா இன்னொரு வாரம் பாக்கணும்னு டீன் கேக்க ஒரு கட்டம் இருக்கு. பத்து வருஷத்துல நான் தொட்டதில்ல. இன்னைக்கு டிக் பண்ணிட்டேன். முடிவு அடுத்த வாரம்தான்." கொஞ்சம் தயங்கினார். "அறுபத்திரண்டு பதிவும் படிச்சேன். தொட்டில பாதி உப்பு கிடக்குது, தண்ணி ஏன் கரிக்கல?"

"வகுப்புலயே கேளுங்களேன்" என்றாள் கிரெட்சன்.

"எங்கிட்டயுமா?" என்றார் கர்ட்டிஸ். "அப்ப என்னையும் மாணவனா சேத்து விடுங்க. கேக்க எனக்கு அங்க இடமே இல்ல."

திங்கட்கிழமை அவர் தன் கேள்வியைப் பதிவிட்டார். நாற்பது நிமிடத்தில் வெண்டெலிடமிருந்து பதில் வந்தது: "புதுசா வந்திருக்கீங்க போல. மொதல்ல உங்க வீட்டுத் தண்ணிய குலுக்கிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்."

டீன் பாட்டில் தேடப் போனார். கிரெட்சனின் கணக்கில் அந்த வாரமும் இன்னும் ஐந்து பதில் பாக்கி இருந்தது.