குருவி அழித்த சொற்கள்

பிளோவ்திவ் நகரில் மரீத்சா ஆற்றின் வடகரையில் இருந்த அந்தச் சின்ன நிறுவனம் அலுவலகங்களுக்கான அரட்டைச் செயலியைச் செய்து விற்றது. பொறியாளர்கள் ஒரு கருவியை முடித்துக் கொடுத்ததும், அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று வாங்குகிறவர்களுக்குப் புரியும்படி எழுதி வைப்பது பிலியானாவின் வேலை. எந்த உதாரணத்தையும் தானே ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடமாட்டாள். அந்தப் பிடிவாதத்தை அவளுக்கு ஊட்டியவன் பக்கத்து மேசையில் இருந்த ஒக்னியன். அவனுக்கும் அதே வேலைதான்.

ஒக்னியனுக்கு நரம்பு நோய் வந்தது. முதலில் விரல்கள் போயின, பிறகு கால்கள். கடைசியில் குரலும் வெறும் மூச்சாகத் தேய்ந்தது. ஆனாலும் வீட்டுப் படுக்கையில் கிடந்தபடி வேலை பார்த்தான். செயலிக்குள் ஒரு ஏஐ ஏஜென்ட் இருந்தது. எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும் என்பதால் எல்லோரும் அதைக் குருவி என்றார்கள். அவன் முணுமுணுப்பு மனிதக் காதுக்கு எட்டாமல் போன பிறகும் குருவிக்கு எட்டியது. அவன் சொல்லச் சொல்ல அது எழுதி, செயலியில் அவனும் பிலியானாவும் பேசிக்கொள்ளும் அரட்டை அறையில் போட்டது.

"வீட்லயும் குருவிய வச்சுப் பேசலாமே, நெவேனாவுக்குக் கஷ்டமா இருக்குமே" என்று ஒருமுறை பிலியானா எழுதினாள்.

"பொண்டாட்டிகிட்ட மிஷின வச்சா பேசறது? அவளுக்கு என் கண்ணு போதும். உனக்குத்தான் எல்லாத்தையும் எழுதிக் காட்டணும், மரமண்டை" என்று பதில் வந்தது.

வசந்தம் தொடங்கும்போது இறந்துபோனான். அந்த அறையை மூட பிலியானாவுக்கு மனம் வரவில்லை. வேலை ஓடாத நேரத்தில் அதைத் திறந்து, பழைய செய்திகள்வரை மேலே நகர்த்தி அவன் கிண்டல்களைப் படித்துவிட்டு வருவாள்.

கோடை முடிவில் புதுக் கருவி ஒன்று அவள் மேசைக்கு வந்தது. ஏஜென்ட் தவறாகப் போட்ட செய்தியைத் தானே நீக்குவதற்கான கருவி. தான் போட்டதை மட்டும் நீக்கும், மனிதர் போட்டதைத் தொடாது. நல்ல விதிதான் என்று அவளும் எழுதினாள். செய்தவன் யாவோர், எதிர் மேசைக்காரன்.

"எந்த அறைன்னு சொல்லாம விட்டா என்ன ஆகும், யாவோர்?"

"என்ன ஆகும், தப்புன்னு காட்டும். கண்ண மூடிக்கிட்டு எழுது."

"ஓட்டிப் பாத்துட்டு எழுதறேன்."

"ஓட்டு தாயே. உன்ன யாரு தடுக்க முடியும்?"

அறைப் பெயர் கொடுக்காமல் ஓட்டினாள். தப்பு என்று வரவில்லை. முடிந்தது என்று வந்தது.

சோதனை அறை காலியாகியிருந்தது. அதில் இழக்க ஒன்றுமில்லை. ஏதோ உறுத்த, தங்கள் பழைய அறையைத் திறந்தாள். அவள் எழுதியவை மட்டும் இருந்தன. "போடா." "இல்ல, அந்த வரி தப்பு." "ஹஹா." "வலிக்குதா?" "சரி, தூங்கு." ஒவ்வொன்றும் யாருக்கோ சொன்ன பதில். அந்த யாரோ இல்லை. ஒக்னியன் மூச்சைப் பிழிந்து சொன்னதையெல்லாம் போட்டது குருவி. கருவியின் கணக்கில் அவை குருவியின் செய்திகள். எந்த அறை என்று சொல்லாததால் எல்லா அறைகளிலும் புகுந்து நீக்கியிருந்தது.

யாவோர் அழிந்தவற்றை மாலைவரை தேடினான். இது அவர்களே தங்கள்மீது சோதித்துப் பார்க்கும் பதிப்பு. நகல் எடுத்து வைக்கும் ஏற்பாடு இன்னும் போடப்படவில்லை. "என்னாலதான்" என்றான். "ஓட்டினது நான்" என்றாள் அவள்.

அடுத்த வாரம் நெவேனா அலுவலகத்துக்கு வந்தாள். ஆறு மாத நினைவு நாள் நெருங்கியிருந்தது. இறந்தவரின் படத்தோடு ஊர்க் கதவுகளில் ஒட்டும் நினைவு அறிவிப்பை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். காபி இயந்திரத்தின் பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அச்சுக்கடைக்காரன் ஊருக்கே ஒரே இரங்கல் பாட்டத்தான் போடறான், பிலியானா. எனக்கு அவரோட சொல்லா ஒரு வரி வேணும். கடைசி மாசம் என்கிட்ட கண்ணாலதான் பேசினார். வார்த்தையெல்லாம் உங்களுக்குத்தான் வந்துச்சு. நான் பொறாமைப்படலன்னு பொய் சொல்லமாட்டேன். அதெல்லாத்தையும் எடுத்துக் குடு."

பிலியானா மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். நெவேனாவுக்கு முதலில் புரியவில்லை.

"அவர் பேசினது எப்படிக் குருவியோடது ஆகும்?"

"அது போட்டதால."

"நான் அவருக்குச் சோறு ஊட்டினேன். அப்ப சாப்பிட்டது நானா?"

பதிலுக்கு நிற்காமல் நெவேனா குரலைத் தணித்து, "நீ படிச்சிருக்கல்ல? சொல்லு. ஞாபகம் இருக்கறதச் சொல்லு" என்றாள்.

பிலியானா சொல்லத் தொடங்கினாள். மரமண்டை என்று திட்டியது. மேல்வீட்டுக்காரனின் துளையிடும் கருவியைச் சபித்தது. ஒருநாள் சன்னலோரம் நெவேனா தலை துவட்டுவதைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னான். மிக அழகாகச் சொன்னான். வெயில் பற்றி, முடி பற்றி. எவ்வளவு முயன்றும் அந்த வாக்கியம் அகப்படவில்லை. தன் சொற்களை இட்டு நிரப்பி, "உங்க முடியில வெயில் தங்கியிருக்குன்னு சொன்னார்" என்றாள்.

நெவேனா கண் மூடிக் கேட்டாள். உதடுகள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தன.

"இல்ல," என்றாள். "இது அவர் பேசற மாதிரி இல்ல."

பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அறைப் பெயர் இல்லாமல் ஓடாதபடி யாவோர் கருவியைத் திருத்தினான். பிலியானா கையேட்டில் ஒரு பத்தி சேர்த்தாள்: ஏஜென்ட் போட்ட செய்தி ஒரு மனிதரின் பேச்சாக இருக்கலாம், நீக்குமுன் அவரைக் கேளுங்கள், அவர் இல்லையென்றால் நீக்காதீர்கள். கையேட்டின் நடைக்கு ஒத்துவரவில்லை என்று மேலிருந்து குறிப்பு வந்தது. யாவோர் போய்ச் சண்டை போட்டான். முதல் இரண்டு வரிகள் தங்கின. மூன்றாவது வெட்டப்பட்டது.

நினைவு நாளன்று கல்லறையில் அலுவலகக்காரர்கள் பத்துப் பேர் நின்றார்கள். அறிவிப்பில் அச்சுக்கடையின் பாட்டுத்தான் இருந்தது. நெவேனா அந்த ஊர் வழக்கப்படி சர்க்கரை தூவிய அவித்த கோதுமையைக் காகிதக் குவளைகளில் கொடுத்துக்கொண்டே வந்தாள். பிலியானாவுக்கும் கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. பிலியானா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வெயில், முடி, சன்னல் என்று இன்னும் தேடிக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியம் வரவேயில்லை.