பொக்கை வீரரின் சாட்சி

சலவைக் கடைக்காரரின் முன்பற்கள் நான்கும் நாட்டுக்காகப் போய்விட்டன. பதிலுக்கு நாடு ஒரு போர்க்காயப் பதக்கம் கொடுத்தது. கட்டுப்பல் அவர் சொந்தச் செலவு.

தெருவில் அவருக்குப் பொக்கை வீரர் என்று பேர். கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் கதை சொல்வார். புகைக்குள்ளிருந்து ஒரு எதிரி வந்தானாம், துப்பாக்கிக் கட்டையால் ஒரே இடியாம். ஆரம்பத்தில் அந்த எதிரி நடுத்தர உயரந்தான். வருஷம் போகப் போக வளர்ந்து, இப்போதெல்லாம் கடைக்குள் வந்தால் தலை மின்விசிறியில் இடிக்கும். நினைவு நாளன்று டவுன் ஹால் மேடையில் பொக்கை வீரருக்கு முன்வரிசை நாற்காலி உண்டு. அந்த நாற்காலிக்காகத்தான் மனிதர் இருமலைக்கூட அடக்கி வைத்து உயிரோடு இருக்கிறார் என்பது அவர் மனைவி கடைக்காரம்மாவின் கணிப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாற்பது தாண்டிய ஒரு பெண் கடைக்கு வந்தாள். லிஃப்ட் மெக்கானிக். நீல உடுப்பு, நகக்கண்ணில் கிரீஸ், கையில் ஒரு படிவம்.

“துணி எங்கம்மா?” என்றார் கடைக்காரம்மா, இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல்.

“துணி இல்லம்மா. ஐயாகிட்ட ஒரு கையெழுத்து வேணும். நான் ஒட்டகத்தோட பொண்ணு.”

சட்டைக் காலரில் டோக்கன் குத்திக்கொண்டிருந்த கடைக்காரர் ஊசியைத் தன் விரலிலேயே ஏற்றிக்கொண்டார்.

“எந்த ஒட்டகம்?”

“உங்க படைப்பிரிவுல இருந்தாரே. கழுத்து நீளமா இருக்கும். போன வருஷம் தவறிட்டார்.”

“அடடா. நல்ல மனுஷன். சரிம்மா, நான் வங்கிக்குக் கிளம்பணும்.”

“வங்கி எங்கயும் ஓடிப்போகாது. உட்காருங்க,” என்றார் மனைவி.

மெக்கானிக் நின்றபடியே சொன்னாள்.

“சண்டையப்போ ஒரு பள்ளிக்கூடத்துல ஜனங்க ஒளிஞ்சிருந்தாங்க. மேப்பெல்லாம் வைக்கிற ரூம்ல, இருபத்து மூணு பேர். இவங்க ஆளுங்க கதவைத் திறக்கப் போயிருக்காங்க. அப்பா குறுக்க நின்னுட்டார். சாயங்காலம் வரைக்கும் நகரல. உத்தரவை மீறினார்னு வேலையை விட்டுத் துரத்திட்டாங்க. எந்த உத்தரவுன்னு எங்கயும் எழுதல. இப்ப அந்த மாதிரி ஆளுங்க பேரை டவுன் ஹால் சுவர்ல பொறிக்கறாங்களாம்.”

“தாராளமாப் பொறிக்கட்டும். அந்த இருபத்து மூணு பேரையே கையெழுத்துப் போடச் சொல்லு.”

“செல்லாதாம் ஐயா. அவங்க உள்ள இருந்தாங்க, கதவு சாத்தியிருந்துச்சு, வெளிய யார் நின்னதுன்னு கண்ணால பார்க்கல. வெளிய இருந்தவங்கதான் சாட்சியாம். அப்பாவைத் தவிர நாலு பேர். மூணு பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க.”

காப்பாற்றப்பட்டவர் பேச்சு செல்லாது, கதவை உடைக்க வந்தவர் பேச்சு செல்லும். இந்த விதியை எழுதிய அதிகாரி மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் எழுதியிருக்க வேண்டும்.

“நான் அன்னிக்கு அங்க இல்லியே,” என்றார் பொக்கை வீரர். “பள்ளிக்கூடமா? படிக்கற வயசுலயே நான் அந்தப் பக்கம் போனதில்ல.”

கடைக்காரம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படிவத்தில் தேதியைப் பார்த்தார். பிறகு சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பதக்கச் சான்றிதழின் முன்னால் போய் நின்றார். அவசரமே இல்லாமல் திரும்பி வந்தார்.

“ஏங்க, ரெண்டுலயும் ஒரே தேதி.”

“போர்னா ஒரே நாள்ல ஆயிரம் நடக்கும், இவளே.”

“ஊரும் ஒண்ணு. காலையில எதிரிகிட்ட பல்லைக் குடுத்துட்டு, மத்தியானம் பள்ளிக்கூடம் போனீங்களா?”

கடைக்காரர் நாக்கால் கட்டுப்பல்லைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“உள்ள ஒரு டீச்சர் இருந்தாங்க,” என்றாள் மெக்கானிக். “அவங்க கடிதம் எழுதித்தான் எனக்கே விஷயம் தெரியும். அப்பா வாயைத் திறந்ததில்ல. ‘ஒட்டகம், வழி விடுடா’ன்னு யாரோ கத்தினது உள்ள கேட்டுச்சாம்.”

“யாரோவா?” மனைவி கணவரையே பார்த்தார். “அது யாரு குரல்?”

“என்னுதுதான்.”

“அப்புறம்?”

“அப்புறமென்ன. துப்பாக்கிக் கட்டையால இடிச்சான். அதிகாரி வந்து எதிரி அடிச்சதுன்னு எழுதிட்டார். வாய் பூராப் பஞ்சு. நான் மறுத்துப் பேச முடியுமா?”

“பஞ்சை எடுத்து முப்பத்தெட்டு வருஷமாச்சு.”

அவர் ஊசி குத்திய விரலைத் துடைத்துக்கொண்டார்.

“கதவைத் திறந்து என்ன பண்றதா இருந்தீங்க?”

“உத்தரவு, இவளே.”

“அவருக்கும் அதே உத்தரவுதானே?”

“அவன் ஒரு மாதிரி ஆளு. சொன்னா கேக்க மாட்டான்.”

“நீங்க கேப்பீங்க. வீட்டுல ஒரு தடவை கேட்டதில்ல, அங்க போய்க் கேட்டிருக்கீங்க.”

கடைக்காரர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். “கையெழுத்துப் போட்டா பதக்கத்தைப் பிடுங்கிடுவாங்களா?”

“பிடுங்கிடுவாங்க. விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். பேப்பர்லயும் வரும்.”

“இதை மறைச்சு வாங்கிட்டுப் போயிருக்கலாமில்ல. பொழைக்கத் தெரியாத குடும்பம்.” படிவத்தைத் திரும்பப் பார்த்து, “அப்ப நான் எதுக்குப் போடணும்?”

அவள் கட்டைவிரல் கிரீஸைச் சுரண்டினாள். “தெரியல ஐயா. அம்மா சாகற வரைக்கும் எங்க தெருவுல துரோகி பொண்டாட்டின்னுதான் கூப்பிட்டாங்க. சுவர்ல பேர் வந்தா நல்லா இருக்கும். வேற காரணம் சொல்லத் தெரியல.”

கடைக்காரம்மா இஸ்திரி மேசையிலிருந்த துணிகளை ஒதுக்கிப் படிவத்தை விரித்தார். பேனாவையும் வைத்தார்.

“நாற்காலி போயிடும், இவளே.”

“கடையில நாலு நாற்காலி இருக்கு. எதுல வேணும்னாலும் உக்காருங்க.”

அவர் குனிந்தார். ‘சாட்சி நின்ற இடம்’ என்று ஒரு கட்டம். ‘அருகில்’ என்று எழுதினார்.

“எடுத்துக்க மாட்டாங்க ஐயா. கதவுக்கு எந்தப் பக்கம்னு வேணும்.”

அடித்துவிட்டு ‘வெளியே’ என்று எழுதினார். அடுத்த கட்டம், ‘வந்த நோக்கம்’.

“இதுக்கெல்லாமா கட்டம் போடுவானுங்க,” என்று முனகிக்கொண்டே ‘கதவைத் திறக்க’ என்று எழுதினார்.

“திறந்து?” என்றார் மனைவி, தோளுக்குப் பின்னாலிருந்து.

வெளியே ஒரு வண்டி வந்து நின்று, ஆள் இறங்கி, திரும்பக் கிளம்பிப் போயிற்று. அவர் ‘சுட’ என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

மெக்கானிக் அதை முழுக்கப் படித்தாள். பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். நன்றி சொல்வதா வேண்டாமா என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது.

“பேர் பொறிச்சதும் சொல்லி அனுப்பறேம்மா,” என்றாள் கடைக்காரம்மாவிடம். “அந்த ரூம்ல இருந்தவங்கள்ல பதினாறு பேர் வருவாங்க.”

அவள் போன பிறகு கடைக்காரம்மா ஒரு தலையணை உறையை எடுத்து விரித்தார்.

“கோபமா?” என்றார் கணவர்.

“அந்த ரூம்ல குழந்தைங்க எத்தனை?”

“எண்ணல.”

கடைக்காரம்மா உறையை நீவிக்கொண்டே காத்திருந்தார்.

“ஒன்பது. சாயங்காலம் வெளிய கூட்டிட்டுப் போனப்ப எண்ணினேன்.”

அவர் நான்கு உறைகளைத் தேய்த்து மடித்து அடுக்கினார்.

“விழாவுக்கு நான் போறேன்,” என்றார் கடைக்காரம்மா.

“நானும் வரட்டுமா?”

“வாங்க. கீழ, ஜனங்களோட நிக்கணும்.”

“எந்தச் சட்டை போட்டுக்கறது?”

“எதை வேணும்னாலும் போடுங்க.” இஸ்திரிப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். “நீங்களே தேச்சுக்குங்க.”