மங்கம்மாவின் சூட்டுப்பட்டை

1984 நவம்பரில், சிரம்பான் பக்கம் கோலா சாவாவை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில், பால்வெட்டுத் தொழிலாளி மங்கம்மாவின் இடுப்பில் கட்டியிருந்த சூட்டுப்பட்டை மின்சாரம் நின்ற பிறகும் ஆறவில்லை. தோட்டத்து ஜெனரேட்டர் வழக்கமான நேரத்தில் நிறுத்தப்பட்டது, தொழிலாளர்களின் லயத்து வீடுகள் இருண்டன, பட்டையில் பதித்திருந்த சிவப்பு விளக்குகள் மட்டும் விடியும்வரை எரிந்தன. புதுப் பொருள் அப்படித்தான் இருக்கும் என்று அவளும் அவள் கணவன் நல்லசாமியும் நினைத்துக்கொண்டார்கள்.

பட்டையைச் சிரம்பானிலிருந்து மோட்டாரில் கொண்டுவந்து விற்றவர் அமிர்தலிங்கம் என்பவர். தோளில் காண்டாக் கம்பை வைத்து இருமுனையிலும் பால் வாளிகளைச் சுமந்து சுமந்து மங்கம்மாவின் இடுப்பு போயிருந்தது. காலையில் நல்லசாமி தூக்கி உட்காரவைத்தால்தான் எழுவாள், எழும்போது அழுவாள். பட்டையின் ஒளியும் சூடும் எலும்புவரை போகும் என்று அமிர்தலிங்கம் சொன்னார். அது உண்மைதான். கொக்கி மட்டும் உடைந்திருந்தது. மாற்றித் தருகிறேன் என்று போனவர் பிறகு வரவில்லை. வீட்டுக்கு வரும் எந்தப் புதுப் பொருளுக்கும் செய்வதுபோல மங்கம்மா அதற்கும் மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தாள். கொக்கி இருந்த இடத்தில் நாடா தைத்து நல்லசாமி அவள் இடுப்பில் கட்டினான். ஒரு பெண்ணுக்கு அவன் அதுவரை கட்டியிருந்தது தாலி ஒன்றுதான். அந்தப் பழக்கத்தில் மூன்று முடிச்சுப் போட்டுவிட்டான். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ராக்கம்மா, "என்னா மாமா, பழைய பொண்டாட்டிக்கே மறுபடியும் தாலியா? மொய் வைக்கணுமா லா?" என்றாள். மூவரும் சிரித்தார்கள்.

அந்த வாரமே மங்கம்மா நிமிர்ந்து நடந்தாள். முடிச்சு அவிழவில்லை. வலி இல்லாததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பட்டையோடே குளித்தாள். ஆனால் ரப்பர் பாலுக்குச் சூடு ஆகாது. அவள் வாளிகளில் பால் ஸ்டோருக்குப் போகும் வழியிலேயே கட்டியானது. நல்லசாமியின் வாளியில் உறையாமலிருக்க ஊற்றும் மருந்து இல்லாமலே மாலைவரை பால் பாலாகவே இருந்தது. "என்னாடா நல்லசாமி, பொண்டாட்டி வாளியில தயிரு, உன் வாளியில மோரு. வீட்டுல சோறு மட்டும் போட்டா போதும் போல," என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முனியாண்டி. மங்கம்மாவைப் புல் வெட்டும் கூட்டத்துக்கு மாற்றினார்கள். அவள் பால் வெட்டிய மர நிரையும் நல்லசாமிக்கே போனது.

அடுத்த ஆண்டு நல்லசாமிக்கு வியர்ப்பது நின்றது. கொசுக்கள் அவனைக் கடிப்பதை விட்டன. அவன் வாங்கிய தேநீர் வாய்க்குப் போகுமுன் ஆறியது. லயத்தில் யாரிடமும் ஐஸ் பெட்டி கிடையாது. ராக்கம்மா ஞாயிற்றுக்கிழமை பாசார் சந்தையில் வாங்கிய கெம்போங் மீனை அவன் படுத்திருக்கும் பாய்க்குப் பக்கத்தில் வைத்து, "பாத்துக்குங்க மாமா, சாயந்தரம் எடுத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போவாள். மீன் கெடாது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் அவன் வாயில் வைத்த கருவியில் பாதரசம் ஏறவில்லை. கருவி பழுது என்று அவர் வேறொன்று கொண்டுவந்தார், அதிலும் ஏறவில்லை.

ஒரு நாள் சோறு போடும்போது மங்கம்மாவின் கை அவன் கையில் பட்டது. பட்டையின் விளக்குகள் சேலைக்கு வெளியே தெரியுமளவு பிரகாசமாயின, அவன் நகங்கள் நீலமாயின. சூடு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

"அறுத்துப் போடுங்க," என்றாள்.

அவன் பால் வெட்டும் உளியை எடுத்து நாடாவில் இழுத்தான். "மழுங்கிப் போச்சு புள்ள."

"வேற உளி எடுங்க. உங்க சூட்ட எடுத்துக்கிட்டு நான் எதுக்கு நிமிந்து நடக்கணும்?"

"காலையில எந்திரிக்கிறப்ப அழுவ. இப்ப அழுவறதில்ல. இருக்கட்டும் லா. வெயில்ல வேல செய்றவனுக்குக் குளிர்ச்சி நல்லதுதான?"

வீட்டிலிருந்த எந்த உளியும் அந்த நாடாவை அறுக்கவில்லை. விலகியிருந்தால் சரியாகும் என்று மங்கம்மா நீலாயிலிருந்த தம்பி வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்தாள். தூரம் பட்டைக்கு ஒரு பொருட்டாக இல்லை. திரும்பி வந்தபோது நல்லசாமி கிழிந்த கம்பளிகளையெல்லாம் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். அதன்பிறகு அவன் வேலைக்குப் போகவில்லை. அவள் வலியில்லாத இடுப்போடு குனிந்து நிமிர்ந்து புல் வெட்டி இருவருக்கும் சம்பாதித்தாள். தினமும் வேலைக்குப் புறப்படுமுன் முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்ப்பாள்.

1987 பிப்ரவரியில், ரப்பர் மரங்கள் இலை உதிர்த்திருந்த ஒரு காலையில், மண்வெட்டியோடு நின்றிருந்தபோது அவள் இடுப்பில் முதல் முடிச்சு தானாக அவிழ்ந்தது. அவள் இரண்டு கைகளாலும் நாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது அவிழ்ந்தது. மூன்றாவதும் அவிழ்ந்து, பட்டை சருகுகளின்மேல் விழுந்தது. விளக்குகள் அணைந்திருந்தன. அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மண்டோரிடம் போனாள்.

"மண்டோரே, வீட்டுக்குப் போறேன். அவரு போயிட்டாரு."

யார் வந்து சொன்னது என்று முனியாண்டி கேட்கவில்லை. அவள் தோளைப் பார்த்துவிட்டு, மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

அவள் வீட்டுக்குப் போனபோது நல்லசாமியின் உடல் சூடாக இருந்தது. கம்பளிகளை எடுத்தபோது அவன் நெற்றியில் வியர்வை இருந்தது. அன்று மாலை எரியூட்டும்வரை அந்தச் சூடு குறையவில்லை, குளிப்பாட்டியவர்கள் வாளித் தண்ணீர் வெதுவெதுப்பானதாகச் சொன்னார்கள். பதினாறாம் நாள் பெண்கள் மங்கம்மாவின் தாலியைக் கழற்றினார்கள்.

மரங்கள் துளிர்த்த பிறகு அவளுக்குப் பழைய நிரையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் வாளியில் பால் உறையவில்லை. இடுப்பு வலி திரும்பியிருந்தது. காலையில் ராக்கம்மா வந்து அவளைத் தூக்கி உட்காரவைத்தாள்.