தாசில்தாரின் பிறந்தநாள் பேனர்

அருப்புக்கோட்டையில், பந்தல்குடி போகிற ரோட்டில் சௌந்தரும் அவன் மனைவி பானுப்பிரியாவும் டிசைன் கடை வைத்திருந்தார்கள். கல்யாண ஆல்பம், காதுகுத்துப் பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் செய்து கொடுப்பார்கள். வருகிறவர்களிடம் பேசுவது சௌந்தர். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது பானுப்பிரியா. இந்தப் பாகப்பிரிவினையில் சௌந்தருக்கு உள்ளூர ஒரு குறை உண்டு.

புதிதாக வாங்கி மாட்டிய ரேம் என்கிற மெமரி அட்டை 2400 வேகத்திலேயே சோம்பிக் கிடப்பதைக் கண்டுபிடித்தவள் பானுப்பிரியாதான். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதே அதன் அடிப்படை அளவுகள் இருக்கிற பயாஸுக்குள் போய், ரேமின் மேல் ஒட்டிய சீட்டில் போட்டிருந்தபடி 3200 வேகம், 1.35 வோல்ட் என்று வைத்தாள். மெமரி சோதனையை ஓடவிட்டு, ஒரு தப்பும் இல்லை என்று பார்த்த பிறகே வேலைக்கு உட்கார்ந்தாள். ஆல்பம் பட்டென்று திறந்தது. எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள். சௌந்தரும் பாராட்டினான், கொஞ்சம் தாமதமாக.

அவள் அம்மா வீட்டு விசேஷத்துக்கு ஊருக்குப் போன சமயம், சௌந்தர் போனில் ஒரு வீடியோ பார்த்தான். அதில் ஒருவர் ரேமை 3600-க்கு ஏற்றிக் காட்டினார். சௌந்தரும் ஏற்றினான். திரை கறுத்தது. கம்ப்யூட்டர் இரண்டு மூன்று தடவை செத்துப் பிழைத்து, பழைய வேகத்துக்கே திரும்பிவிட்டது. அதுவே வேண்டாம் என்று சொல்லியும் சௌந்தர் கேட்கவில்லை. வோல்டேஜை 1.5-க்குத் தூக்கினான். வேகத்தைக் கூட்டினால் டைமிங் என்கிற காத்திருப்பு நேரத்தைத் தளர்த்த வேண்டும் என்று வீடியோவில் சொன்ன இடத்தை அவன் தள்ளிவிட்டுப் பார்த்திருந்தான். ஆனாலும் இந்த முறை கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. சௌந்தருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அன்றைக்கு வந்த வேலை நரிக்குடிப் பக்கத்துச் செல்லப்பாண்டியுடையது. அவர் ஆசையாய் வளர்க்கிற கிடாவுக்குப் பிறந்தநாள். கிடாவின் பெயர் தாசில்தார். முறுக்கு மீசையோடு செல்லப்பாண்டியும், முறுக்குக் கொம்போடு தாசில்தாரும் தோளோடு தோள் நிற்கிற படம். சௌந்தர் அதைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்தான். வேகத்தின் பெருமையில் கடைசிக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பினான்.

பானுப்பிரியா ஊரிலிருந்து திரும்பிய அன்று மத்தியானமே செல்லப்பாண்டி லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பின்னாலேயே தாசில்தாரும் இறங்கியது.

"அவுகளும் பாக்கட்டும்னு கூட்டியாந்தேன்" என்றார்.

சௌந்தர் பேனரைத் தரையில் விரித்தான். படத்தின் மேல்பாதி குறுக்கே நகர்ந்திருந்தது. வெள்ளை வேட்டிக்கு மேலே கொம்போடு கிடாத் தலை. நாலு காலுக்கு மேலே மீசையோடு செல்லப்பாண்டி. இரண்டு பேரும் லேசாகப் பச்சை.

செல்லப்பாண்டி குனிந்து நெடுநேரம் பார்த்தார். "தம்பி, இதுல நான் யாரு?"

பானுப்பிரியா கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு பயாஸைத் திறந்தாள். பிறகு புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் பேசும் கன்னடத்தில் சண்டை போட்டார்கள். வெளியாட்களுக்குப் புரியக் கூடாது என்பதற்காகத்தான் கன்னடம். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை வோல்டேஜ் வந்தது.

"கரண்டு பில்லு சாஸ்தியாயிருச்சா தாயி?" என்று செல்லப்பாண்டி அக்கறையாகக் கேட்டார்.

பானுப்பிரியாவுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. "இல்லண்ணே. படத்த இந்த ரேமுதான் கொஞ்ச நேரம் கையில வச்சுக் குடுக்கும். ஒவ்வொண்ணையும் எடுத்துக் குடுக்க இம்புட்டு நேரம் பொறுக்கணும்னு அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. இவுக பஸ்ஸ வெரட்டி ஓட்டிட்டு, ஆளு எறங்குறதுக்குள்ள விசிலும் அடிச்சிட்டாக. காரியாபட்டியில எறங்க வேண்டிய ஆளு மதுரையில எறங்குன மாதிரி, ஒங்க தல கெடாகிட்ட எறங்கிருச்சு."

"வோல்டேஜு?"

"அது எஞ்சினப் போட்டு முறுக்குறது. அளவா ஏத்தலாம். மேல மேல ஏத்துனா சூடாகி ரேமே போயிரும். அதுவும் நம்மூரு வெயிலுக்கு."

செல்லப்பாண்டி சௌந்தரைப் பார்த்த பார்வையில், நடத்துனர் வேலைக்கு இவன் லாயக்கில்லை என்பது தெரிந்தது.

அவள் பழைய அளவுகளையே வைத்து, மறுபடி சோதனையை ஓடவிட்டாள். அது முடியாமல் படத்தைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். செல்லப்பாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். "தப்பு வந்துச்சா?" என்று அடிக்கடி கேட்டார். சௌந்தர் ஒவ்வொரு தடவையும் "இன்னும் இல்லண்ணே" என்று பள்ளிக்கூடத்துப் பையன்போல் சொன்னான். வெயில் இன்னும் கொளுத்திக்கொண்டிருந்தபோதே பானுப்பிரியா ஃபேனை வேண்டுமென்றே நிறுத்தினாள். அந்தச் சூட்டிலும் தாங்கினால்தான் நம்பலாமாம். மூவருக்கும் வேர்த்துக் கொட்டியது. தாசில்தார் மட்டும் யாரோ வாங்காமல் விட்டுப்போன ஒரு பூப்புனித நீராட்டு பேனரின் ஓரத்தைப் பொறுமையாக மென்றுகொண்டிருந்தது.

சோதனை முடிந்தது. தப்பு எதுவும் இல்லை. செல்லப்பாண்டி எழுந்து சௌந்தரின் கையைக் குலுக்கினார். ஏன் என்று இருவருக்குமே தெரியவில்லை.

சாயங்காலத்துக்குள் புதுப் பேனர் அச்சாகி வந்தது. தலைகள் அவரவர் இடத்தில் இருந்தன. செல்லப்பாண்டி போனில் இரண்டு பேனரையும் படம் எடுத்து வீட்டம்மா சோலையம்மாளுக்கு அனுப்பினார். உடனே அழைப்பு வந்தது.

"பச்சையா இருக்கே, அதக் கட்டச் சொல்லுங்க. அதுல தான் ஒங்க மொகத்துல கொஞ்சம் களை தெரியுது."

"அதுல எந்த மொகத்த என் மொகம்னு சொல்ற?"

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. செல்லப்பாண்டி இரண்டையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தாசில்தாரை ஆட்டோவில் ஏற்றினார்.

ஆட்டோ மறைந்ததும் சௌந்தர் மெதுவாக ஆரம்பித்தான். "டைமிங்க மட்டும் கொஞ்சம் தளத்திட்டு, 3333 வச்சுப் பாப்பமா?"

பானுப்பிரியா கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டு, முன்னால் வீட்டுக்குக் கிளம்பினாள். அவன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பும் முன் ஆசை தாங்காமல் பயாஸைத் திறந்து பார்த்தான். அது பாஸ்வேர்டு கேட்டது. தன் பெயரை அடித்தான். இல்லை என்றது. அவள் பெயரை அடித்தான். அதுவும் இல்லை. அவளிடம் கேட்கவும் தைரியம் வராமல், ஷட்டரை இழுத்துப் பூட்டினான்.